முடித்துவைத்த என் மகளின் புகாரை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டி

அனுப்புநர்
ப. தமிழ்மாறன்,
சாந்தோம், சென்னை – 600 004.

பெறுநர்
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்,
சென்னை.

பொருள்: என் மகள் த. ஷ்ரேயா (வயது 11) எங்கள் மீது கொடுத்த புகார் – என் கையெழுத்தின் பேரில் முடிக்கப்பட்டது – மனநல ஆலோசனையைத் தொடரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதலில் தங்கள் அலுவலகத்துக்கு என் குடும்பத்தின் நன்றி. புகார் எங்கள் மீதுதான். ஆனாலும் நன்றி சொல்லவே முதலில் தோன்றுகிறது.

1. நான் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் விற்பனையாளர். என் மனைவி பொன்மணி மயிலாப்பூரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். கடந்த அக்டோபரில் ஷ்ரேயாவுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. அவள் தேறி வரும்போது எங்கள் மகன் சாய்நாத்துக்கும் வந்தது. அவன் பிழைக்கவில்லை. வயது நான்கு.

2. அதன்பின் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. கடையில் காலை முதல் பேசிக்கொண்டே இருப்பவன், வீட்டுக்கு வந்தால் டி.வி.யைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம், பள்ளிச் சுவரில் எழுதியிருந்த 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து ஷ்ரேயா பேசியிருக்கிறாள். "எங்க வூட்ல யாரும் பேசமாட்டேன்றாங்க. திட்டக்கூட மாட்டேன்றாங்க" என்பதே அவள் புகார்.

3. விசாரிக்க வந்தவர் தங்கள் அலுவலக ஆலோசகர் திருமதி காமாக்ஷி. "எங்க வூட்டு விஷயத்துல உங்களுக்கு இன்னாம்மா வேலை?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டேன். அதற்காக இம்மனுவின் வழியே மன்னிப்புக் கோருகிறேன். அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "பையன் பேர் என்ன?" என்று கேட்டார். நான்கு மாதமாக அந்தப் பெயரை நாங்கள் சொன்னதில்லை. பொன்மணிதான் சொன்னார். சொல்லிவிட்டு அன்று முழுக்க அழுதார்.

4. ஆறு சனிக்கிழமைகள் ஷ்ரேயாவை அவரிடம் ஆலோசனைக்கு அழைத்துச் சென்றோம். மூன்றாம் வாரம் எங்களையும் உள்ளே கூப்பிட்டார். "எனக்குத்தான் மொதல்ல ஜொரம் வந்துச்சு. என்கிட்டயிருந்துதான் தம்பிக்குப் போச்சு. அப்பாவே சொன்னாரு" என்றாள் ஷ்ரேயா. நான் அப்படிச் சொன்னது உண்மைதான். காரியம் முடிந்த மறுநாள் என் அண்ணனிடம் போனில் "இவளுக்கு வந்துதான் அவனுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றேன். அவள் என் பின்னாலேயே நின்றிருக்கிறாள். இந்தக் காய்ச்சல் கொசுவால் வருவது, ஒருவரைத் தொட்டு இன்னொருவருக்கு ஒட்டாது என்பதை மருத்துவர் ஒருவரைக் கொண்டே அவளுக்குச் சொல்ல வைத்தார் காமாக்ஷி அம்மையார். எனக்கும் அன்றுதான் தெரியும். அன்று வீடு திரும்பும்போது பேருந்தில் ஷ்ரேயா என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

5. ஏப்ரலில், இன்னும் சில வாரங்கள் வருவது நல்லது என்றுதான் அவர் சொன்னார். கடையில் சனிக்கிழமை விடுப்புக் கேட்கக் கூச்சம். அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள் என்ற வெட்கம் வேறு. "எல்லாம் சரியாயிடுச்சு மேடம்" என்று பொய் சொல்லி, பிரச்சினை தீர்ந்தது என்ற தாளில் கையெழுத்திட்டேன். தவறு என்னுடையது. அலுவலகத்தின் பேரில் எந்தக் குறையும் இல்லை.

6. பள்ளி திறந்த வாரம் ஷ்ரேயாவுக்குச் சளியும் லேசான காய்ச்சலும் வந்தன. தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போன தாயை, "கிட்ட வராதம்மா, உனுக்கும் வந்துரும்" என்று தள்ளிவிட்டாள். பயத்தைப் போக்கலாம் என்று நினைத்து, அவள் மிச்சம் வைத்த கஞ்சியை அவள் கண் முன்னால் எடுத்துக் குடித்தேன். அவள் அன்று மாலை வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து, எனக்கும் சுடுகிறதா என்று என் கையைத் தொட்டுப் பார்த்தாள். நல்லது என்று எண்ணித்தான் செய்தேன். இது எனக்குத் தெரிந்த வேலை இல்லை என்று அப்போது புரிந்தது.

ஆகவே, நான் கையெழுத்திட்ட அந்தத் தாளைத் தள்ளி வைத்து, என் மகளின் புகாரை மீண்டும் எடுத்துக்கொள்ளுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை விடுப்புக்குக் கடை மேலாளர் ஹபீபுர் ரஹ்மான் அவர்களிடம் காரணத்தைச் சொல்லியே அனுமதி பெற்றுவிட்டேன். எத்தனை வாரம் ஆனாலும் வருவோம். எனக்கும் என் மனைவிக்கும் தனியே ஒரு நேரம் ஒதுக்க முடியுமானால் அதையும் வேண்டுகிறோம். எங்கள் வீட்டில் இப்போது பேச்சு இருக்கிறது. மகனைப் பற்றியும் பேசுகிறோம். அதைத் தந்தது தங்கள் அலுவலகம். அந்த நம்பிக்கையில்தான் மறுபடி வருகிறோம்.

இம்மனுவை ஷ்ரேயாவுக்குப் படித்துக் காட்டினேன். தம்பியின் வயது நான்கு இல்லை, நாலேகால் என்றாள். பிறகு, "காமாக்ஷி மிஸ்தான் வேணும்னு எழுதுப்பா" என்றாள். யாரை அனுப்பினாலும் நன்றியோடு ஏற்போம். இருந்தாலும் அவள் கேட்டதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இடம்: சென்னை – 4
நாள்: 16.06.2025

தங்கள் உதவியை மறவாத,
ப. தமிழ்மாறன்
த. பொன்மணி