மஜீட் கராஜ் மண் தெளிந்துவருகிறது: கொங்கிரீட் வேண்டாம்

அனுப்புநர்:
திருமதி கௌரி நவரத்தினம்,
இரசாயனவியல் ஆசிரியை,
பாமன்கடை, கொழும்பு 06.

பெறுநர்:
சுற்றாடல் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்கள்,
வட்டார அலுவலகம், கொழும்பு 06.

விடயம்: வெட்டிவேர் நட்டு எண்ணெய் நீக்கப்படும் காணியைக் கொங்கிரீட்டால் மூடும்படி வந்த அறிவித்தலை மீளப் பெறக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனது பக்கத்துக் காணியில் காலஞ்சென்ற மஜீட் அவர்கள் வாகனம் திருத்தும் கராஜ் நடத்தினார். வடித்த எஞ்சின் எண்ணெய் பல வருடங்களாக அங்கேயே ஊற்றப்பட்டது. அவருடைய மகள் பஸ்லா கராஜை மூடிய பின்னரும் மண் கறுத்தே கிடந்தது. கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதந்ததால் அதற்கும் மூடி போட்டார். அந்தக் கிணற்றை மீண்டும் திறக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

2. மண்ணை அள்ளி ஒருகொடவத்தைப் பக்கம் கொட்டலாம் என்றார்கள் சிலர். அப்படிச் செய்தால் எண்ணெய் இடம் மாறும், அழியாது. வெட்டிவேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும் என்று பஸ்லா எங்கோ வாசித்து, நடுவோம் என்றார். நான் நம்பவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலையில் எந்தச் செடியும் நடக்கூடாது, நடுமுன்னும் பின்னும் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் உதவினேன்.

3. செடிகள் இரண்டு வருடம் செழித்து வளர்ந்தன. சென்ற மாத டெங்கு ஒழிப்பின்போது தங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அவற்றைப் பற்றை என்று வெட்ட வந்தனர். வெட்டத் தொடங்கியதும் வெட்டிவேர் என்று கண்டுகொண்டு, பாதியைக் கிளப்பி, ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டுப் போயினர். நம்மவர்கள் கையில் வெட்டிவேர் கிடைத்தால் எங்கே போகும் என்பது தாங்கள் அறிந்ததே. எல்லாம் குடிநீர்ப் பானைக்குள் போயிற்று.

4. பழைய எஞ்சின் எண்ணெயில் ஈயமும் இருக்கக்கூடும். அதை வேர் பிடித்து வைத்திருக்கும். ஆகவே நானும் பஸ்லாவும் வீடு வீடாகப் போய் வேர்களைத் திருப்பிக் கேட்டோம். “நேற்றுத்தான் போட்டனான் அக்கா. தண்ணி என்ன வாசம்! தரமாட்டன்” என்று எதிர்வீட்டு உஷாந்தி வாசலை மறித்தார். “அது எங்கட வாப்பாட கராஜ் எண்ணெய் குடிச்ச வேர். வடிவாப் பாருங்க, பானைக்குள்ள லொறியும் கிடக்கும்” என்று பஸ்லா சொன்ன பிறகே அந்தப் பானை கவிழ்ந்தது.

5. மீட்ட வேர்களில் ஒட்டியிருந்த மண்ணில் எண்ணெய் நாற்றமே இல்லை. மூக்கு சான்றாகாது என்பதால் காணி மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். எதுவும் நடாத மூலையில் எண்ணெய் பெரிதாகக் குறையவில்லை. செடி நின்ற இடத்தில் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சியுள்ளது. மாதிரிகள் மாறிவிட்டனவா என்று தொலைபேசியில் கேட்டேன். மாறவில்லை. கிணற்று மூடியைத் தூக்கிப் பார்த்தோம். படலம் இல்லை, எங்கள் இருவரின் முகமும் தெரிந்தது. ஐயா, நான் எளிதில் மகிழ்கிறவள் அல்ல. அன்று ஒழுங்கை முழுவதற்கும் பஸ்லா வட்டிலப்பம் கொடுத்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

6. இந்த நிலையில்தான் தங்கள் அலுவலகத்திலிருந்து, காணியை மாத இறுதிக்குள் கொங்கிரீட்டால் மூடுமாறு அறிவித்தல் வந்துள்ளது. மூடினால் செடிகள் செத்துவிடும். மிஞ்சிய எண்ணெய் அடியில் கிடந்து கிணற்றுப் பக்கம் கசியும். பாதிக்கு மேல் முடிந்த வேலை வீணாகும்.

ஆகவே அறிவித்தலை மீளப் பெற்று, எஞ்சிய செடிகளை எவரும் வெட்டாதவாறு உத்தரவிடும்படியும், நாங்கள் சாக்கில் கட்டி வைத்துள்ள வேர்களைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தி, கிணற்று நீரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யும்படியும் வேண்டுகிறேன்.

தாங்கள் நேரில் வாருங்கள். காட்டும் இடத்தில் தோண்டுகிறோம். அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகும் கொங்கிரீட் தேவை என்று தோன்றினால், அதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) கௌரி நவரத்தினம்

காணி உரிமையாளர்: (ஒப்பம்) பஸ்லா மஜீட்

இடம்: பாமன்கடை
திகதி: 2024.09.11
இணைப்பு: ஆய்வுகூட அறிக்கைகள்