என் பிறவித் திறமை

மாண்புமிகு அம்மாவுக்கு,

உன் மகன் நேற்று ஒரு கைக்குழந்தையின் அழுகையை வெற்றிகரமாக நிறுத்தினான் என்பதை இதன்மூலம் பணிவுடன் அறிவிக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பேக்கரிக்கு மேல்வீட்டு அக்கா, வீறிடும் குழந்தையோடு ரொட்டி வாங்க வந்தார். நான் அதைத் தூக்கினேன். அது முகத்தைத் திருப்பும்போது பேசாமல் இருந்தேன்; என்னைப் பார்க்கும்போது மெல்லப் பேசினேன். அடங்கிவிட்டது.

"எப்படிடா செஞ்ச?"

"பிறவித் திறமைக்கா."

"அப்ப எனக்குத்தான் அது இல்ல போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

சுருக்கென்றது. நான் ஓயாமல் அழுத காலத்தில், ஒரு நர்ஸ் வாராவாரம் வீட்டுக்கு வந்து உனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அது. தங்கச்சியை நீ அப்படிச் சமாதானப்படுத்துவதைப் பார்த்தே எனக்கும் வந்தது. அதை வைத்துத்தானே, "ட்யூஷன் வச்சுப் பிள்ளை வளர்த்த அம்மா" என்று சொந்தக்காரர்கள் முன்னால் உன்னைக் கேலி செய்தேன்? நீயும் சிரித்தாய். பிறகு வெகுநேரம் சமையலறையைவிட்டு வரவில்லை.

அந்த நர்ஸ் சொன்னதையெல்லாம் உன் குரலிலேயே பதிவு செய்து அனுப்பு. அக்காவுக்காகத்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகவே பேசு.

ரொட்டி கருகும் வாசனை வருகிறது, முடிக்கிறேன். மாடிக்குப் போய், "திறமையெல்லாம் இல்லக்கா, எங்கம்மாவே ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டதுதான்" என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து இரண்டு தடவை பாதிப் படி ஏறி, இறங்கி வந்துவிட்டேன்.