மீட்டர் மட்டும்

4 மார்ச் 2002, திங்கள்

மீட்டர் டப்பா இந்தத் தடவையும் நான்கு நாள் தாமதம். கம்பெனியிடம் இருப்பது எக்ஸ்ரே மெஷின்களைச் சோதிக்கும் ஒரே ஒரு மீட்டர். ஆறு ஊர்களில் ஆறு சர்வீஸ் ஆட்கள், அவரவர் வீடே ஆபீஸ். மீட்டர் ரயில் பார்சலில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு கல்கத்தா டாலிகஞ்சில் என் மேஜைக்குத் திரும்ப வேண்டும். திறந்தால் ஊறுகாய் பாட்டில், தேயிலைப் பொட்டலம், யார் வீட்டுக் குழந்தைக்கோ சாக்ஸ். எண்ணெய் கேபிள் வரை இறங்கியிருக்கிறது. இது கருவியா, சீர்வரிசையா?

சாயங்காலம் மேனேஜர் மஹாதேவன் சார் கூப்பிட்டார். "ரெண்டு பேர் வேலைய விட்டுப் போயாச்சு, கௌசிக். இன்னொருத்தன் போனான்னா அஸ்ஸாம் காண்ட்ராக்டுக்கு மங்களம் பாடிட வேண்டியதுதான். உனக்கும் சேர்த்துத்தான். மூலைக்கு ஒருத்தனா கிடக்கறா. அவாளுக்குள்ள ஒரு ஒட்டுதல் வர்றாப்ல ஏதாவது பண்ணு."

11 மார்ச்

ஒட்டுதலுக்கும் ஒரு முறை வேண்டும். ஆறு பேருக்கும் சுற்றறிக்கை ஃபாக்ஸ் செய்தேன். டப்பாவில் மீட்டர் மட்டும். ஒவ்வோர் ஊர் முடிந்ததும் கல்கத்தா வந்து, நான் பார்த்த பிறகே அடுத்த ஊர். திங்கள்தோறும் பத்து மணிக்கு கான்ஃபரன்ஸ் கால் - வேலையைத் தவிர ஆளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும்.

18 மார்ச்

முதல் கால். நாற்பது நிமிடம், அதில் பாதி இரைச்சல். சிலிகுரி பிரபீர் தாவிடம் - வங்காளிகளுக்கு அண்ணன் என்றால் தா - நல்ல செய்தி கேட்டேன். "எல்லாம் நலம்" என்றார். திப்ருகர் செல்வராஜ் அண்ணனும் அதையே. பிறகு யாரோ இருமினார்கள்.

25 மார்ச்

"எல்லாம் நலம், சார்" - ஆறு முறை. எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். போன மாதம் வரை யாரும் என்னை சார் என்றதில்லை.

1 ஏப்ரல்

கட்டாக்கிலிருந்து டப்பா, சொன்ன தேதிக்கு. மீட்டர் மட்டும். அதைச் சுற்றியுள்ள ஸ்பான்ஜைக்கூடத் துடைத்திருந்தார்கள். இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்ல ஆறு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை.

8 ஏப்ரல்

செல்வராஜ் ராஜினாமா. ஃபாக்ஸில் இரண்டு வரி. இந்த மாதம் முப்பதோடு சரியாம்.

உடனே போன் போட்டேன்.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்ல தம்பி. ஊர்ப்பக்கம் ஒரு வேலை வருது."

"என் மேல கோவமா?"

"கோவம் எதுக்கு? முன்னல்லாம் டப்பா வர்ற அன்னைக்கு எம் பொண்டாட்டி இலை போடாத குறைதான். இப்ப மீட்டர் வருது, போவுது. பிரபீர் புள்ளைக்குப் பின்னுன ஸ்வெட்டர் பாதியில கெடக்கு. முடிச்சாலும் எதுல வச்சு அனுப்ப?"

"போஸ்ட்ல அனுப்புங்களேன்" என்றேன்.

சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டார், பதில் சொன்னேன். தப்பான பதில்னு சொல்லவும் முடியல. ஆனா அவர் அதையா கேட்டார்?

10 ஏப்ரல்

டப்பாவின் ஸ்பான்ஜைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு பழைய சீட்டு, வங்காளியில், பிரபீர் தா கையெழுத்து: 'செல்வராஜ் தா, மழையில் பழைய மெஷினின் டைமர் நிற்கும். கழற்றாதே, முதலில் ரிலேயைக் காய வை. ஊறுகாய் தீர்ந்துவிட்டது.'

போன வாரம் தன்பாதில் அதே டைமர்தான் நின்றது. நான்கு நாள் போராடினார்கள். திங்கள் காலில் "எல்லாம் நலம், சார்."

எல்லாவற்றையும் தடுத்துவிட்டு என்னத்தைச் சேர்த்தேன்?

11 ஏப்ரல்

இன்னொரு ஃபாக்ஸ்: டப்பாவில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், திங்கள் கால் இனி கிடையாது. ஆனால் கல்கத்தா வழியாகத்தான் வர வேண்டும் - அதை மட்டும் விட மனம் வரவில்லை.

லேக் மார்க்கெட் போய் இரண்டு கட்டு அப்பளம் வாங்கினேன். ரயிலில் நொறுங்கும் என்று எனக்குத் தெரியாதா? ஸ்பான்ஜை வெட்டி நடுவில் செருகினேன். சீட்டு எழுதினேன், கிழித்தேன். கடைசியில் 'தப்பு என்னுடையது, அண்ணே' என்று மட்டும் எழுதி வைத்தேன். டப்பா திப்ருகருக்குக் கிளம்பியது.

22 ஏப்ரல்

இருபதாம் தேதியே திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. ஃபாக்ஸும் இல்லை. "செல்வராஜ் என்ன சொல்றான்?" என்றார் மஹாதேவன் சார். "தெரியல சார்." "எல்லாம் தெரிஞ்சவனாச்சேடா நீ."

25 ஏப்ரல்

ஹவுரா பார்சல் ஆபீசில் மூன்று மணி நேரம். இல்லை.

30 ஏப்ரல்

அவருடைய கடைசி நாள். ஒப்படைப்புப் பேப்பர் எதுவும் வரவில்லை. திப்ருகருக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். "அவுக ஆஸ்பத்திரி மெஷினு வேலைக்குப் போயிருக்காக. அடுத்த வாரம் தின்சுகியா மெஷினப் பாக்கணும்னு சொல்லிட்டிருந்தாக. ஏன், உங்ககிட்ட சொல்லலியா?"

இல்லை என்றேன்.

பிறகு சிலிகுரி.

"பிரபீர் தா, டப்பா?"

"இங்கதான் இருக்கு. திப்ருகர்லேர்ந்து நேரா வந்துடுச்சு."

"உள்ள என்ன?"

"மீட்டர்" என்றார். வாயில் ஏதோ நொறுங்கும் சத்தம்.

"ஸ்வெட்டர்?"

நொறுங்கும் சத்தம் நின்றது.

"சைஸ் கொஞ்சம் பெரிசு, கௌசிக். அடுத்த குளிருக்குச் சரியா இருக்கும்."

டப்பா அடுத்து எந்த ஊருக்கு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. மே மாத அட்டவணையில் திப்ருகருக்கு நேரே செல்வராஜ் என்று எழுதினேன். 'கல்கத்தா வழி' என்ற பத்தியை அடித்துவிட்டேன்.