சோறு கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு, உம்மாவின் ஸலாம்.

உன் மூத்தவள் றிஸ்லா புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிவிட்டாள், நம் தெருவில் அவள் ஒருத்திதான். சின்னவன் பஸீல் குர்ஆன் ஓதி முடித்தான்.

கொழும்பு டொக்டர் வாய் வழியே குழாய் விட்டுக் குடலில் கிள்ளியெடுத்துச் சோதித்தாராம். கோதுமைதான் உனக்கு ஆகாதாம். உன் கூடப்பிறந்த நானா வந்து சொன்னான்.

இங்கே இருக்கையில் உனக்கு வயிற்றாலே போகும்போதெல்லாம் சோற்றை நிறுத்திக் கோதுமைமாப் பாண்தானே தந்தேன். "உம்மா, ஒரு புடி சோறு தாங்களன்" என்று கெஞ்சினாய். "வகுறு ஆறட்டும் புள்ள, பேசாமத் தின்னு" என்று அதட்டினேன். நீ மெலிய மெலிய இன்னொரு துண்டு வைத்தேன்.

இப்போது அங்கே சோறு தின்கிறாயாம். உடம்பு தேறிவிட்டதா என்றால் நானா "ஓம் ஓம்" என்கிறான். எனக்கு மனம் ஆறவில்லை. புதுப் படமொன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. கையும் தெரியட்டும், வளையல் கழலாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உன் உம்மா