தம்பி மாற்றிய கியர் ராடு

மார்ச் 3

யாரையும் அடிக்காத நேரத்தில் என் தம்பி யார்? எனக்குத் தெரியவில்லை.

இன்று என் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு விசிலடித்தான். மனைவியும் மகளும் விட்டுப் போனபின் என் வீட்டில்தான் இருக்கிறான். சும்மா இருந்தால் சுவரைக் குத்துகிறான். அதனால்தான் காரைத் தொட விட்டேன். பழைய வண்டி, செகண்டிலிருந்து தேர்டுக்குப் போக முழுக்கையும் நீள வேண்டும்.

"அக்கா, நீ கியர் போடுறியா, கிணத்துல தண்ணி இறைக்கிறியா?"

அந்த ராடைக் கழற்றிவிட்டு, கொஞ்ச தூரமே நகரும் வேறொன்றை மாட்டப்போகிறானாம்.

மார்ச் 6

புது ராடு வந்துவிட்டது. "இனிமே மணிக்கட்டத் திருப்பினா போதும், கியர் மாறிடும்" என்றான். தூரம் குறைந்தால் அழுத்தம் கூடும், எதுவும் இனாமாக வராது என்றேன்.

"ஆரம்பிச்சிட்டாங்க லேப் மேடம். நீ போய் தண்ணியில உப்பு இருக்கான்னு பாரு, போ."

எனக்குக் குடிநீர்ப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டு பேரும் சிரித்தோம். டீ போட உள்ளே போனேன்.

அதற்குள் ஒரு போல்ட்டின் தலை தேய்ந்து வழுக்கியிருக்கிறது. அவ்வளவுதான். கார்க் கதவை உதைத்தான். உதைத்த இடத்தையே திரும்பவும் உதைத்தான். கழற்றிய பழைய ராடு சமையலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து என் காலடியில் விழுந்தது. கண்ணாடியைப் பெருக்கினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 7

ஜன்னலில் அட்டை ஒட்டினேன். மன்னிப்புக் கேட்டான். கேட்கும்போதும் விரல்கள் மடங்கியே இருந்தன.

மார்ச் 9

தம்பி மனைவி ஆபீசுக்குப் போன் செய்தாள். அவளையும் குழந்தையையும் என் கல்லூரித் தோழியின் மாடி அறையில் தங்கவைத்தது நான்தான், அவனுக்குத் தெரியாது.

"இடது காது இன்னும் கேக்கல அண்ணி. யார் கதவத் தட்டினாலும் பாப்பா கட்டிலுக்கு அடியில போயிடுறா."

அவன் என்ன செய்கிறான் என்று கேட்டாள். கியர் ராடு மாற்றுகிறான் என்றேன்.

"அதெல்லாம் நல்லா செய்வாரு" என்றாள்.

மார்ச் 12

வேலை முடிந்தது. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். சுவிட்சைத் தட்டுவது மாதிரி டக் டக்கென்று விழுகிறது. கொஞ்சம் இறுக்கம். ஆனாலும் பிடித்திருந்தது — பொய் சொல்லக் கூடாது.

சிக்னலில் பின்னாலிருந்த வேன்காரர் ஹாரன் அடித்தார். தம்பி இறங்கினான். அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தை வேன் கதவிலேயே மோதினான். மறுபடி. மறுபடி. ரோட்டில் ஒரு பல் கிடந்தது. விலக்கப் போன என் நெஞ்சில் அவன் முழங்கை இறங்கியது. பிறகு வந்து உட்கார்ந்து, மூச்சுகூட வாங்காமல், "ஃபர்ஸ்ட் போடுக்கா. எவ்ளோ லேசா விழுது பாரு" என்றான்.

போட்டேன். ஏன் போட்டேன்? அந்த ஆள் வாயெல்லாம் ரத்தமா நிக்கிறார், நான் பாட்டுக்கு கியர் மாத்திக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கேன். படிச்சவளாம். ச்சீ.

மார்ச் 14

என் போனை எடுத்துப் பார்த்திருக்கிறான். மத்தியானம் சாப்பிடும்போது நிதானமாகச் சொன்னான்.

"உன் ஃப்ரெண்டு வீட்டு மாடியிலதான வெச்சிருக்க? நாளைக்குக் காலையில போறேன். சும்மா பேசத்தான்."

"பேசறதுக்கு கார் சீட்டுக்கு அடியில அவ்ளோ பெரிய ஸ்பேனர் எதுக்குடா?"

"வழியில ஏதாவது கழண்டுட்டா?" — சிரித்தான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். "இன்னும் ஒண்ணும் நடக்கலையேம்மா" என்றார்கள். தம்பி மனைவியை அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பச் சொன்னேன். அந்த ஊருக்கு பஸ் காலையில்தான். காரில் போனால் அதற்கு முன்பே இவன் அங்கே நிற்பான். சாவி இவன் பையில்.

சாயங்காலம் அவன் சாவியையும் எடுத்துக்கொண்டு குளிக்கப் போனதும் காருக்குள் குனிந்தேன்; அவன் உதைத்த கதவு இப்போது பூட்டுவதில்லை. ராடின் அடியில் இரண்டு கேபிள்கள். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன கிளிப் பிடித்திருக்கிறது. மாட்டும்போது அவனே பெருமையாகக் காட்டியதுதான். கிளிப்புகளைப் பிடுங்கி, கேபிள்களை நழுவவிட்டு, உறையை மூடினேன். கிளிப்புகள் சாக்கடையில். இனி ராடை எப்படி ஆட்டினாலும் கியர் விழாது.

அவனுக்கு இதைச் சரிசெய்யத் தெரியும். கம்பியால் கட்டிக்கொண்டாவது கிளம்புவான். ஆனால் முதலில் என்னிடம்தான் வருவான். கை ஓய்ந்தபிறகுதான் வேலையைப் பார்ப்பான், அவன் சுபாவம் அது. அந்த நேரம் பஸ்ஸுக்குப் போதுமா?

மார்ச் 15

இடது கையால் எழுதுகிறேன்.

வண்டி உறுமியது. நகரவில்லை. பிறகு ராடைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். முதல் அடி வலது முன்கையில்; எலும்பு முறிந்தது காதில் கேட்டது. அதே இடத்தில் இன்னொன்று. பிறகு தோள். தலைக்கு ஓங்கியபோது எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் பாய்ந்து வந்து அவனைக் கீழே தள்ளினார்கள். அந்த அம்மா அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தவர், போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

பஸ் கிளம்பிவிட்டது. பாப்பாவுக்கு ஜன்னல் சீட் கிடைத்ததாம்.

ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். "கூடப் பொறந்தவரு. நல்லா யோசிச்சுக்குங்கம்மா."

யோசித்தாகிவிட்டது என்றேன். வேன்காரரை அடித்ததையும், அப்போது வண்டி ஓட்டியது நான் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். இடது கையால் நான் போட்ட கிறுக்கல் கையெழுத்தாகச் செல்லாது என்றார். "எம்.எஸ்சி. படிச்சவங்க, கைநாட்டு வைக்கிறீங்களா?" என்று தயங்கித் தயங்கி மை டப்பாவை நீட்டினார்.

கட்டைவிரலை அழுத்தி வைத்தேன்.