எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தின் தலையில் 'கர்த்தர் நல்லவர்' என்று எழுதினால் மேற்கொண்டு படிக்காமலே கிழித்துப் போடுவேன் என்று சொல்லியிருந்தாய். எழுதவில்லை. ஒரு வரிக்கு இடம் மட்டும் விட்டிருக்கிறேன். வெறும் இடத்தோடு சண்டை போட உன்னால்கூட முடியாது.

அத்தானுக்கு முட்டிவலி தேவலையா? மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல். சொன்னால் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை இன்னும் கோபம் வந்தது. மூன்றாம் தடவைதான், எங்கள் இரண்டு பேருக்காகவும் நீ உன் வீட்டுப் பின்னறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருப்பது கண்ணில் பட்டது. அதை ஏன் கடைசிப் பக்கத்தில், அதுவும் ஓரத்தில் எழுதினாய்? நல்லதைச் சொல்ல உனக்கு எப்போதும் கூச்சம்.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் நான் மழுப்பினேன். காரணம், அவர் பக்கத்திலேயே இருக்கிறார். பேச்சு போனதே தவிர, கேட்பதும் புரிவதும் ஒன்றும் போகவில்லை. அவர் எதிரில் அவரைப் பற்றிப் பேச எனக்கு மனசு வராது. இன்றைக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். டாக்ஸிக்காரர் நல்ல மனுஷர், கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு வருவார். வீட்டில் நான் மட்டும்தான். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் அறையில் பக்கவாதம் வந்து விழுந்தார். கீழே இருந்த எலக்ட்ரீஷியன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், பதில் இல்லை. எனக்குத் தகவல் வந்தபோது நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகளை இஸ்திரி உருளையில் விட்டுக்கொண்டிருந்தேன். அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். நான் காலையில் மடித்துக் கொடுத்த விரிப்பில்தான் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள்.

வலது கை கொஞ்சம் தேறியிருக்கிறது. கால் இழுத்து இழுத்து நடக்கிறார். பேச்சு வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் திரும்பி வந்திருக்கிறது: "மேலே." இருபத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காகக் குழிக்குள் நின்று, பெட்டியை ஏற்றச் சொல்லி அதைத்தானே கத்தினார்! தண்ணீர் வேண்டுமானாலும் மேலே, கோபம் வந்தாலும் மேலே, சட்டை தலையில் மாட்டிக்கொண்டாலும் மேலே. அதிகம் பழகிய வார்த்தை முதலில் வரும் என்று பயிற்சி டீச்சர் சொல்கிறார். அப்படியானால் என் பெயர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அட்டைகளை அடுக்கப் போய்விட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா தினமும் முட்டி போட்டீங்களேடி, என்ன கிடைச்சுது?" என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்பதற்கு முன்னாலேயே நான் அதைக் கேட்டுவிட்டேன் அக்கா. இதை யாரிடமும் சொன்னதில்லை.

விழுந்த புதிதில் சபையே வீட்டுக்கு வந்தது. எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் டெய்லர் அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் 'தளபதி' என்று பெயர் வைத்தாய். நாற்பது நாளில் பேசிவிடுவார் என்று அவள் அடித்துச் சொன்னாள். நாற்பது நாளும் நாள்காட்டியில் கோடு போட்டேன். நாற்பத்தோராம் நாள், சமையலறைக் கதவருகே என்னைத் தனியே நிறுத்தி, "வீட்டுல எங்கயோ அவிசுவாசம் இருக்கு, நீதான் யோசிச்சுப் பாக்கணும்" என்றாள். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அன்றோடு விட்டுவிட்டேன். சபையும் இல்லை, ஜெபமும் இல்லை. ஏழு வாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இடது கையால் ஷூவை எடுத்து வந்து கதவுக்குப் பக்கத்தில் வைப்பார். நான் அதை எடுத்து உள்ளே வைப்பேன். கால் வலி என்பேன். அவருக்குப் பொய் தெரியும். ஆனால் பொய் என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. அதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாலை ஆறரை மணிதான் எனக்குப் பெரிய பாடு. எங்கள் வீட்டு ஜெப நேரம் அது. இத்தனை வருஷமும் அவர்தான் ஜெபிப்பார். அவர் குரல் உனக்குத் தெரியும், அடுத்த தெருவில் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஜெபிக்கிற குரல். என் பங்கு கடைசியில் ஒரு 'ஆமென்', அவ்வளவுதான். பேச்சு போன பிறகும் ஆறரைக்கு அவர் மேஜைக்கு வந்துவிடுவார். தன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கால் மணி நேரம் காத்திருப்பார். நான் அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் கழுவுவேன். கழுவின பாத்திரத்தையே சத்தமாக மறுபடி கழுவுவேன். கால் மணி ஆனதும் எழுந்து போய்விடுவார். என்னைப் பார்த்து ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. கை ஈரத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "ஆண்டவரே, எனக்குப் பேசத் தெரியாது. இவரால பேச முடியாது. உமக்குப் பேச மனசில்ல. மூணு பேரும் இப்படி உட்கார்ந்திருந்தா இந்த வீடு எப்படி நடக்கும்?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் அக்கா. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணீர் வரும்வரை. விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு மேல் நானும் ஜெபிக்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். சில நாள் நான்கு வரிகூடத் தேறாது. சில நாள் வேலைக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டு ஆமென் என்பேன். ஒருநாள்கூட வானம் திறக்கவில்லை. ஆனால் ஒருநாளும் விடவில்லை.

சபைக்கும் திரும்பப் போனோம். போன முதல் ஞாயிறே இவர் எல்லார் முன்னாலும் "மேலே" என்று சொல்ல, போதகர் உருகிவிட்டார். நம் சகோதரர் பேச்சிழந்த நிலையிலும் நமக்குப் பரலோகத்தைக் காட்டுகிறார் என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன். எப்படி நின்றேன் என்று கேட்காதே. "ஐயா, காலையில உப்பு கேட்டதுக்கும் இதேதான் சொன்னார். இப்ப மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்றார்" என்றேன். சபையே சிரித்தது, இவரும்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்: "இவருக்கு இன்னும் குணமாகல. ஆகாமலே போகலாம். யாரும் இதுக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். நாங்க அடுத்த வாரமும் வருவோம்."

மறுநாள் தளபதி வந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. இவருடைய சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துப் போனாள். நான்கு நாளில் கொண்டுவந்தாள். எல்லாச் சட்டையிலும் பொத்தானைப் பிரித்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்திருந்தாள். இப்போது அவரே ஒற்றைக் கையால் போட்டுக்கொள்கிறார். அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், சட்டையளவுக்கு மன்னித்திருக்கிறேன். மிச்சம் நடந்துகொண்டிருக்கிறது.

என்ன கிடைத்தது என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்றுத் துவைத்த விரிப்பு இன்று கறையோடு திரும்பி வரும், மறுபடி போட்டு எடுப்போம். என் விசுவாசமும் அந்த மாதிரி ஒரு வேலையாகத்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, நீ கூப்பிடுகிறபடி உன் பின்னறைக்கே வந்துவிட எனக்கு விருப்பமில்லை. அறையைப் பூட்டாதே, விருந்தாளியாக வருவோம்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

பதினோரு வருஷத்துக்கு முன் சிட்டுவை அடக்கம் பண்ணின அன்று, அப்போதிருந்த போதகர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் தோட்டத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டது என்றார். "பூ வேணும்னா அவரே வளத்துக்க வேண்டியதுதானே, எட்டு வருஷம் நான் வளத்ததை எதுக்குப் பிடுங்கணும்?" என்று நீ கேட்டாய். எல்லாரும் உன்னைத்தான் முறைத்தார்கள். நான் உன் பக்கத்தில் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வாசலைத் தாண்டிப் போனபோது உன் பின்னால் வரவில்லை. சபை என்ன நினைக்கும் என்று பயந்தேன்.

சமையலறைக் கதவருகே தளபதி என்னிடம் அப்படிப் பேசிய நாளில்தான், உனக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்று மன்னிப்புக் கேட்கிறேன். நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆண்டவரிடமே கேட்க வேண்டிய கேள்வி.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கும் அவள்தான் பிள்ளை. தினமும் ஆறரைக்கு அவள் பெயரையும் உன் பெயரையும் சொல்கிறோம். மறைத்து வைக்கக் கூடாதென்று சொல்கிறேன்.

டாக்ஸி சத்தம் கேட்கிறது. உன்னைக் காப்பவர் தூங்கமாட்டார் என்று நம்புகிற,
உன் தங்கை.


இரண்டு மாதம் கழித்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நான்கு வரிக் கடிதம் வந்தது. "என் பிள்ளை பேரை உங்க ஜெபத்துல இழுக்காதே. இனிமே சொன்னேன்னு தெரிஞ்சுது, எனக்குத் தங்கச்சியே கிடையாது." நீ கையெழுத்துப் போட்ட இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

நீ சொன்னபடி நிறுத்தினேன். உன் பிள்ளை, உன் பேச்சு. அன்று மாலை உன் பெயரை மட்டும் சொல்லி ஆமென் என்றேன். இவர் எழுந்திருக்கவில்லை. முடிந்தது, வாங்க என்றேன். அசையவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. இடது கையை நாற்காலிக்குப் பக்கத்தில் நீட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் கவிழ்த்துக் காட்டினார். எட்டு வயதுப் பிள்ளையின் உயரம்.

உன் கடிதத்தை எடுத்துவந்து வாசித்துக் காட்டினேன். கடைசி வரிவரை கவனமாகக் கேட்டார். பிறகு முடியாது என்று தலையை ஆட்டி, மறுபடியும் அதே உயரத்தில் கையை நீட்டினார். சொன்னேன். சிட்டு பெயரைக் கேட்டதும் எழுந்து கை கழுவி வந்து சாப்பிட்டார்.

மறுநாள் மனதுக்குள் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் அக்கா. பயிற்சி டீச்சருக்கே அடங்காதவர், எனக்கா அடங்குவார்?

அதனால் உன் பேச்சைத் தட்டுகிறேன். ஒளித்துச் செய்யாமல் எழுதியே சொல்கிறேன். அவளைப் பூ என்று சொல்வதில்லை. தேவைப்பட்டாள் என்று சொல்வதில்லை. சிட்டு எங்களோடு இருந்தாள், நாங்கள் அவளை மறக்கவில்லை, நீரும் மறக்காதேயும் என்கிறோம். இதற்கு நீ என்னைத் தங்கை இல்லை என்றாலும் நான் உன்னை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இதுவரை எழுதி இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். பயம்தான். நேற்று ஒன்று நடந்தது, அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆறரைக்கு உட்கார்ந்து இரண்டு வரி சொல்லியிருப்பேன். போன் அடித்தது. உன் நம்பர். எடுத்தேன். அக்கா என்றேன். பதில் இல்லை. உன் வீட்டுச் சுவர்க்கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. தெரியாமல் உன் கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இவரைப் பார்த்தேன். போனை மேஜைமேல் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வைத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அத்தான் முட்டிக்காக, தளபதியின் கண் ஆபரேஷனுக்காக, இவர் பேச்சுக்காக, கடைசியில் உன் பெயர், சிட்டு பெயர். ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஆமென் என்றபோதும் இணைப்பு இருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சிய மாதிரி இருந்தது. அத்தானுக்கு ஜலதோஷமாக இருக்கலாம். அதற்குப் பிறகுதான் துண்டித்தது.

நான் எதுவும் கேட்கமாட்டேன். நீயும் எதுவும் சொல்ல வேண்டாம். கடவுள் உன்னையும் அத்தானையும் நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும். நாளைக்கும் அதே நேரத்தில் உன் கை தவறிப் படட்டும்.

என்றும் உன்,
தங்கை