குளிர வைத்த உடம்பு

பிப்ரவரி 9
பருவம் தப்பிய மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை. என் குறட்டையில் அவளுக்குத் தூக்கம் போச்சாம். "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ரயில் இன்ஜினைக் கட்டிக்கிட்டிருக்கலாம்." சிரித்துக்கொண்டேதான் பள்ளி வேனை எடுக்கப் போனாள்.

பிப்ரவரி 11
பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வேனை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கிலேயே சாய்ந்திருக்கிறாள். இதயம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒரு மருந்துக்கடைக்காரர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாராம். துடிப்பு வந்துவிட்டது, நினைவு வரவில்லை. மூளை மேலும் கெடாமல் இருக்க உடம்பைக் குளிர வைக்கிறார்கள். கையெழுத்துப் போட்டேன். என் பெயரே கோணலாக வந்தது.

பிப்ரவரி 12
குளிர்நீர் ஓடும் பட்டைகளை உடம்பில் சுற்றியிருக்கிறார்கள். திரையில் 33 டிகிரி; 37 இருக்க வேண்டுமாம். கையைத் தொட்டேன் — தொடாமலே இருந்திருக்கலாம். அவள் அண்ணனும் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "மாப்ள, எல்லாம் முடிஞ்சிடுச்சு. நம்மகிட்ட மறைக்கிறாங்க."

நர்ஸ் காதில் விழுந்துவிட்டது. "எதுவும் முடிஞ்சிடலைங்க. மூளைக்கு இப்ப ஓய்வு வேணும், சூடு குறைஞ்சாதான் அதுக்கு வேலை குறையும். நடுங்கக் கூடாதுன்னு மருந்து போட்டிருக்கோம், அதான் அசைவில்ல."

மச்சானிடம் தலையாட்டினேன். நம்பித்தான் ஆட்டினேனா?

பிப்ரவரி 13
கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுகிறார்கள். அவசரப்பட்டால் ஆபத்தாம்.

பிப்ரவரி 15
கை வெதுவெதுப்பாக இருக்கிறது. கண்தான் திறக்கவில்லை. பயமா இருக்கு. வேற என்ன எழுத.

பிப்ரவரி 17
விழித்தாள்!

பிப்ரவரி 21
இன்றுதான் பேச்சு தெளிந்தது. "அண்ணா, உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சுது?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "நீங்க யாருங்க?"

மறந்துபோன கடைசி வருஷங்களின் ஞாபகம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஆள் பிழைச்சாளே, அது போதும் என்று மச்சானுக்கு நான் ஆறுதல் சொன்னேன். அப்புறம் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். போதாது. எனக்குப் போதவே போதாது.

மார்ச் 15
வீட்டுக்கு வந்துவிட்டாள். விருந்தாளி மாதிரி நாற்காலி விளிம்பில் உட்காருகிறாள். காலையில் டீ கொடுத்தபோது, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"துணி தைக்கிறேன்."

கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு ஒரு சட்டை தைச்சுத் தருவீங்களா? இங்க இருக்கறதெல்லாம் தொளதொளன்னு இருக்கு."

அவள் அளவு எனக்கு மனப்பாடம். ஆனால் அது பழைய அளவு.

"கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்று சொல்லி, நாடாவை எடுத்தேன்.